பாறைமட்டத்துக்குக் குடிவந்த புல்வெளி

எங்கள் நீர்க்கோம்பை மலையில் வருஷத்துக்கு இரண்டு சீசன், மற்ற நாளெல்லாம் அந்த இரண்டு சீசனுக்கான வேலை. மார்கழியில் உறைபனி இறங்கும்; சாயங்காலம் நாலு மணிக்கே காட்டு மிலார்க் கிளைகளை வெட்டிக்கொண்டு வந்து நாற்றுகளின் மேல் போர்த்துவோம், காலையில் வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொன்றாக விலக்குவோம், விலக்கும் விரல் நம்முடையதுதானா என்று கடித்துப் பார்த்தால்தான் தெரியும். தையில் விதை போடுவோம், மாசியில் தொட்டிக்கு மண் கலப்போம், பங்குனியில் இருபதாயிரம் தொட்டிகளில் நாற்றைப் பிரித்து நடுவோம், சித்திரை முழுக்க அந்தத் தொட்டிகளைத் தூக்கிப் படி படியாக அடுக்குவோம், வைகாசி பிறந்ததும் மலர்க் கண்காட்சி நடக்கும், பெரிய மனிதர் யாராவது வந்து ரிப்பன் வெட்டுவார், நாங்கள் பூங்காவின் கண்ணாடி மாளிகைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்போம். பிறகு மழை, பிறகு அழுகின செடியைப் பிடுங்குவது, பிறகு ஐப்பசி சீசன், பிறகு மறுபடியும் மிலார். நாற்றுக்குப் போர்த்தின அளவு எங்களுக்கு யாரும் போர்த்தியதில்லை, அதை விடுங்கள். இந்தச் சுற்றில் இருபத்தாறு வருஷம் சுற்றினவள் சிவபாக்கியம் அக்கா, இருபத்தாறு வருஷமும் தினக்கூலி.

நான் சௌந்தரி, அவளுக்கு அடுத்த வீடு. அவள் சுவரும் என் சுவரும் ஒன்றுதான், அவள் இருமினால் என் வீட்டுத் தட்டு கிணுகிணுக்கும். எங்கள் அப்பா அம்மாக்கள் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, எங்கே போவது என்று தெரியாமல், அரசுப் பூங்காவுக்கு மேலே கிடந்த மொட்டைப் பாறைச் சரிவில் குடிசை போட்டார்கள். அதுதான் பாறைமட்டம், நாற்பத்திரண்டு வீடு. நாற்பது வருஷமாகப் பட்டா கேட்கிறோம். பாறைப் புறம்போக்கு, எதற்கும் லாயக்கில்லாத இடம், பட்டா தர இயலாது என்று நாற்பது வருஷமாக ஒரே பதில், கையெழுத்து மட்டும் மாறும்.

பூங்காவின் நடுவில் நாலு ஏக்கருக்குப் பெரிய புல்வெளி. அதைப் பார்க்கத்தான் ஜனம் மலையேறி வருகிறது. நாங்கள் பத்து இருபது பெண்கள் வரிசையாகக் குந்தி, கையில் சூரிக்கத்தியோடு, புளியாரைக் களையை வேரோடு நோண்டி நோண்டி, தவளை போல ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்துகொண்டே இருப்போம். மறு முனையைத் தொடும்போது முதல் முனையில் மறுபடி புளியாரை முளைத்திருக்கும். புல்வெளியில் நாங்கள் குந்தலாம், உட்காரக் கூடாது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் எங்களோடு வந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை குந்திப் பார்க்கட்டும். டிக்கெட் வாங்கினவர்கள் அதில் உட்காருவார்கள், உருளுவார்கள், எலுமிச்சை சாதத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு இலையை அங்கேயே போடுவார்கள், அந்த இலையை நாங்கள் பொறுக்குவோம், பொறுக்கிவிட்டு எங்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எருக்குழிக் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுவோம். இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் அழித்திருக்கலாம்.

கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வரிசையில் என் பக்கத்தில் குந்தியிருந்த சிவபாக்கியம் அக்கா சூரிக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பின்பக்கத்தைப் புல்லில் இறக்கி, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தாள். அவள் முட்டிகள் நாலைந்து மாதமாகவே வீங்கித்தான் இருந்தன. நாங்கள் எல்லோரும் சூரிக்கத்தியை நிறுத்திவிட்டு, அவள் புடவை அவிழ்ந்துவிட்டது போலப் பார்த்தோம். மேஸ்திரி குணசீலன் ஓடி வந்தார், அவருக்கு முன்னால் ஏ.டி. சார் வந்து நின்றார். ஏ.டி. சார் என்றால் பூங்காவின் உதவி இயக்குநர். கண்காட்சிக் காலத்தில் அவர் கண்ணில் படாமல் இருப்பதுதான் எங்கள் பாதி வேலை.

"என்னம்மா, பார்க்கைச் சுத்திப் பார்க்க வந்தியா?"

"முட்டி மடங்கலைங்க சார். ரெண்டே நிமிஷம்."

"விசிட்டருங்க பார்க்கறாங்க. நல்லாவா இருக்கு?"

"அவங்களும் உக்காந்துதானுங்க இருக்காங்க."

"அவங்க டிக்கெட் எடுத்திருக்காங்க."

அக்கா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்தாள். "டிக்கெட்டு எவ்வளவுங்க சார்?" என்று கேட்டாள். அவள் கிண்டல் பண்ணவில்லை. அவளுக்குக் கிண்டல் பண்ணவே வராது. விலை தெரியாது, கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் சுற்றியிருந்த சுற்றுலாக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஏ.டி. சார் முகம் அவர் ஊன்றி வளர்த்த சிவப்புச் சால்வியாப் பூ நிறத்துக்குப் போனது. நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்றார். நாளை என்ன நாளை, இப்போதே போகிறேன் என்று அக்கா சொல்லவில்லை, அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். எழுந்தாள், தூக்குவாளியை எடுத்தாள், வேலைக்குத் தந்த நீலக் கோட்டைக் கழற்றி மடித்து மேஸ்திரியிடம் கொடுத்தாள், பணியாளர் கேட்டு வழியாக வெளியே போனாள்.

அவள் கேட்டைத் தாண்டியதும் புல்வெளி எழுந்தது. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து ஜமுக்காளத்தை நாலு மூலையில் தூக்குவார்களே, அப்படித்தான் முதலில் ஓரங்கள் எழுந்தன, பிறகு நடு எழுந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் பையையும் பந்தையும் எடுத்துக்கொண்டு சிமென்ட் பாதைக்கு நகர்ந்து, டிக்கெட் எடுத்திருக்கிறோமே என்று காவலாளியிடம் சண்டைக்குப் போனார்கள். புல்வெளி ஒருமுறை உதறி மண்ணைக் கொட்டிக்கொண்டு, பெரிய கேட்டில் இடிக்காமல் ஒருக்களித்து வெளியேறி, அக்காவுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடக்க ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டு முக்கில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி அதை நிறுத்தி, குன்னூர்ப் பஸ்ஸை முதலில் போகவிட்டு, பிறகு அதை விட்டார். டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டார். வேர்க்கடலை விற்கிற அம்மா மட்டும், இம்மாம் பெருசு ரோட்டில் போனால் நாங்கள் எங்கே கடை போடுவது என்று முணுமுணுத்தாள். அக்கா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, லாரி போகிற மண்பாதையில் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள், அதுவும் ஏறியது.

சாயங்காலம் வேலை முடிந்து நாங்கள் போய்ப் பார்க்கும்போது பாறைமட்டம் முழுக்கப் பச்சையாக இருந்தது. நாலு ஏக்கர் புல் ஒன்றரை ஏக்கர் ஊருக்குள் எப்படி அடங்கும்? சந்தில் பரவி, வாசலில் பரவி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, மிச்சத்தை மடித்துக் கூரைகளின் மேல் போட்டுக்கொண்டு, பத்து வருஷமாகக் கதவில்லாமல் நின்ற பொதுக்கழிப்பறைக்கு ஒரு கதவு போலத் தொங்கிக்கொண்டு, அது அலுப்பாகப் படுத்திருந்தது. அக்கா வாசலுக்கு வந்து பார்த்தாள். "வந்துட்டியா," என்றாள். உள்ளே போய் டீ வைத்தாள். டீயை எடுத்துக்கொண்டு வந்து வாசல் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து குடித்தாள்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவளைத் தவிர நாங்கள் யாரும் அந்தப் புல்லை மிதிக்கவில்லை. எங்கள் சொந்த வாசலில், எங்கள் சொந்தச் சந்தில், எங்கள் பிள்ளைகளைப் பெற்ற இடத்தில் கிடந்த புல்லை விட்டுவிட்டு, சந்தின் இரண்டு ஓரத்துச் சாக்கடைக் கல்லின் மேல் ஒற்றைக் காலை வைத்து வைத்து நடந்தோம், கழைக்கூத்தாடி மாதிரி. குடத்தோடு விழுந்து இரண்டு பேருக்குக் கை முறிந்தது, அப்படியும் மிதிக்கவில்லை. தவிர்க்க முடியாமல் கால் வைக்க வேண்டிய இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் அதில் பந்து விளையாடப் போனால் முதுகில் ரெண்டு வைத்து இழுத்து வந்தோம். மூன்றாம் நாள், ரிட்டையரான தோட்டக்காரர் ஒருவர், தன் சொந்தக் கையால், தகர டப்பாவை வெட்டி நீட்டி, புல்லின் மீது நடக்காதீர்கள் என்று சிவப்புச் சாயத்தில் எழுதி ஊர் முகப்பில் நட்டார். யாருக்காக நட்டார்? எங்களைத் தவிர அந்த வழியில் வருவது கேஸ் சிலிண்டர்க்காரர் மட்டும்தான்.

அதோடு நின்றதா? காலையில் பூங்கா வேலைக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து, நாங்களே வரிசை கட்டிக் குந்தி, எங்கள் வாசலில் புளியாரை பிடுங்கினோம். யாரும் சொல்லவில்லை, கூலி கிடையாது. பச்சையைப் பார்த்தால் எங்கள் இடுப்பு தானாக மடங்குகிறது. பிடுங்கிவிட்டு ஓரத்துக் கல்லில் நின்று ரொட்டி தின்றோம். சிவபாக்கியம் அக்கா நடுவில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "ஏன்டி நிக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "வேலைக்கு நேரமாச்சுக்கா," என்று புஷ்பவேணி சொன்னாள். புஷ்பவேணி என் வயசுக்காரி, தொட்டி தூக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கே பதில் அவ்வளவுதான் வந்தது.

ஒரு நல்லது நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். கூரைமேல் புல் கிடந்ததால் அந்த வருஷம் கோடை மழையில் ஒரு வீடும் ஒழுகவில்லை. என் பெண் முதல் முறையாகப் பாத்திரம் வைக்காத தரையில் புத்தகத்தை விரித்துப் படித்தாள். நாற்பது வருஷமாக மனு எழுதிக் கிடைக்காத ஒன்றை ஒரு புல் கேட்காமலே செய்தது.

கீழே பூங்காவில் நாலு ஏக்கர் செம்மண் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நாங்கள் தினம் போய் அந்த வெறும் மண்ணின் ஓரத்தில் வரிசையாகக் குந்தினோம். களை இல்லை, ஆனால் மேஸ்திரி வருகைப் பதிவேட்டில் பேர் குறிப்பதற்கு ஆள் குந்தியிருக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து விவசாயப் பேராசிரியர் ஒருவர் வந்து மண்ணை நக்காத குறையாகப் பார்த்துவிட்டு, வேர்ப் பிடிப்புக் குறைபாடு என்று நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தார். கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது, திருவிழாப் பந்தலுக்கு வாடகைக்கு விடுகிறவரிடமிருந்து பச்சைக் கார்ப்பெட் வரவழைத்து மண்மேல் விரித்தார்கள். ரிப்பன் வெட்ட வந்தவர் ஆஹா என்றார். ஜனங்கள் வந்து கார்ப்பெட்டின் மேல் உட்கார்ந்து, உருண்டு, எலுமிச்சை சாதம் தின்று, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். போட்டோவில் பச்சைதான் தெரிந்தது. இந்த ஜனங்களுக்காகவா இருபத்தாறு வருஷம் வேரோடு நோண்டினோம் என்று எனக்கு வயிறு எரிந்தது. கடைசி நாள் மழை பெய்து கார்ப்பெட் நாறத் தொடங்கியதும்தான் ஏ.டி. சாருக்கு ஐப்பசி சீசன் பற்றிய கவலை வந்தது.

முதலில் ஆள் அனுப்பினார். இருபது பேர் வந்து புல்வெளியைச் சதுரம் சதுரமாக வெட்டி லாரியில் ஏற்றினார்கள். நாங்கள் தடுக்கவில்லை, எங்களில் ஏழெட்டுப் பேர் கைகூடக் கொடுத்தோம், வேர் அறுபடாமல் வெட்ட எங்களுக்குத்தான் தெரியும். லாரி பஸ் ஸ்டாண்டு முக்கைத் தாண்டுவதற்குள் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டிக்கொண்டு, மறுபடி மண்பாதையில் ஏறி வந்தன. போக்குவரத்துக் காவலர் இந்த முறை கையையே தூக்கவில்லை, பழகிவிட்டது. மூன்று முறை ஏற்றினார்கள், மூன்று முறையும் வந்தது. லாரி டிரைவர் டீசலுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று போய்விட்டார்.

பிறகு ஏ.டி. சாரே வந்தார். தகரப் போர்டைப் படித்தார், சிரித்தார், பூட்ஸ் காலோடு புல்லின் நடுவே நடந்து அக்கா வாசலுக்குப் போனார். நாங்கள் நாற்பத்திரண்டு வீட்டு ஜனமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லோரத்தில் நின்று பார்த்தோம்.

"சிவபாக்கியம், நடந்தது நடந்துபோச்சு. திரும்ப வேலைக்கு வா," என்றார்.

"வர்றேன் சார். நான் வந்தா அதுவும் வரும்னுதான் நினைக்கிறேன்."

"அதான் நானும் சொல்றேன்."

"ஒண்ணே ஒண்ணு சார். மத்தியானச் சோத்தை அது மேல உக்காந்து சாப்பிடணும். நான் மட்டும் இல்ல, களையெடுக்கிற எல்லாரும். அரைமணி நேரந்தான்."

அவர் கல்லோரத்தில் நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வேற எதுனா கேளும்மா. உன் பேரைப் பர்மனென்ட்டுக்கு எழுதறேன். பென்ஷன் வரும்," என்றார். இருபத்தாறு வருஷம் நாங்கள் ஊர்வலம் போய், உண்ணாவிரதம் இருந்து, காலில் விழுந்து கேட்ட பர்மனென்ட்டை அவர் அந்த வாசலில் நின்று சும்மா நீட்டினார். அது அவ்வளவு சுலபமாக அவர் பையில் இருந்திருக்கிறது.

"அதெல்லாம் வேணாம் சார். அரைமணி நேரம்."

"அது வழக்கத்துல இல்லம்மா," என்றார்.

புல்வெளி எழுந்து பஸ் ஸ்டாண்டு முக்கில் சிக்னலுக்கு நின்று மலையேறி வந்து கூரையில் படுத்துக்கொண்டதே, அது வழக்கத்தில் இருக்கிறதா? அது அவருக்குச் சரி. நாற்பது பக்கம் எழுதி ஃபைலில் வைத்துவிடலாம். சூரிக்கத்தி பிடிக்கிற பொம்பளை காலை நீட்டி உட்கார்ந்து சோறு தின்பதுதான் உலகத்தில் நடக்கவே நடக்காத காரியம். அன்றைக்கு நான் வாயைத் திறந்து இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையில் செருப்பு இருந்தது.

ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. பெரிய புல்வெளி எங்கே இருக்கிறதோ அதுவே பூங்கா. எனவே பாறைமட்டம் இன்றுமுதல் பூங்காவின் பகுதி. பூங்காவுக்குள் வீடு கட்டியிருப்பது ஆக்கிரமிப்பு. நாற்பத்திரண்டு வீடும் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். எதற்கும் லாயக்கில்லாத பாறைப் புறம்போக்கு என்று நாற்பது வருஷம் எழுதின அதே ஆபீஸ், அதே சீல். எங்களுக்கு லாயக்கில்லாத இடம் புல்லுக்கு ஒரு வாரத்தில் லாயக்காகிவிட்டது.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. கோயிலைச் சுற்றிலும் புல், அதனால் எல்லோரும் கோயில் படியிலும் சாக்கடைக் கல்லிலும் நெருக்கியடித்து நின்றோம். ஊர்த் தலைவர் ராமையா அண்ணன் கெட்டவர் இல்லை; மூன்று தடவை பட்டாவுக்காக ஜெயிலுக்குப் போனவர். அவர்தான் எச்சிலை விழுங்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. அது உன் பின்னாலதான் வந்துச்சு. இந்த ஊரு மேல அதுக்கு என்ன பாசம்? நீ கொஞ்ச நாளைக்குத் திருப்பூர்ல மக வீட்டுக்குப் போயிட்டு வாயேன். நீ போனா அதுவும் உன் பின்னாலயே போயிரும். வீடு தப்பிச்சிரும்."

"கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள்ணே?"

அவர் கோயில் படியைப் பார்த்தார். நாங்கள் எங்கள் காலடிக் கல்லைப் பார்த்தோம். சிவபாக்கியம் அக்கா புல்லின் மேல், தனியாக, எங்கள் எல்லோரையும் விடத் தாழ உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நிறுத்தினாள்.

"சௌந்தரி, நீ என்னடி சொல்ற?"

என் பெண் பத்தாவது படிக்கிறாள். என் புருஷன் கட்டின சுவர் அது, அவர் போன பிறகு எனக்கு அந்தச் சுவர்தான் மிச்சம். இதெல்லாம் மனதில் ஓடியது, உண்மைதான், ஆனால் இதெல்லாம் அவளுக்கும் இருந்தது. அதே சுவர்தானே. "நான் என்னத்தச் சொல்றதுக்கா," என்றேன்.

"சரி," என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிப் பஸ்ஸுக்கு ஒரு கட்டைப் பையோடு கிளம்பினாள். கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுக்கவில்லை, தானே எடுத்துக்கொண்டாள். புல்வெளி போவதற்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று நாங்கள் துணிக்கொடிகளை அவிழ்த்து, கோழிக்கூடுகளை நகர்த்தி, சைக்கிள்களை உள்ளே எடுத்து வழி பண்ணிவைத்தோம். அவள் மண்பாதையில் இறங்கினாள். அது அசையவில்லை. அவள் வளைவில் மறைந்தாள். அது அசையவில்லை. பஸ் ஹாரன் அடித்துக் கிளம்புகிற சத்தம் மேலே வரை கேட்டது. வெயில் ஏறி, மத்தியானமாகி, பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கின. கூரையில் கிடந்த ஓரம் காற்றுக்கு லேசாகப் புரண்டு இன்னும் வசதியாகப் படுத்துக்கொண்டது.

"அப்ப இது யாருக்காக வந்துச்சு?" என்று புஷ்பவேணி கேட்டாள்.

இருபது பேர் அந்த வரிசையில் குந்தினோம். இருபது பேர் கையும் அதன் வேர்வரை போயிருக்கிறது. யாருக்காக வந்தது என்று எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அவளை அனுப்பியதற்கு என்ன சொல்வது? ஆளுக்கொரு வேலை இருப்பது போலக் கல்லோரமாகவே கலைந்து போனோம். திருப்பூருக்கு ஒரு ஃபோன்கூடப் போடவில்லை. அவளும் போடவில்லை.

பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு ஜேசிபி வந்தது. முன்னால் ஏ.டி. சார், பக்கத்தில் குணசீலன் மேஸ்திரி, பின்னால் போலீஸ் வேன். ராமையா அண்ணன் முந்தின நாளே சொல்லியிருந்தார், எல்லோரும் குறுக்கே நிற்க வேண்டும், பெண்கள் முன்னால், கையில் மனு. நாங்களும் குளித்துவிட்டு மனுவோடு நின்றோம். எங்கே நின்றோம் என்று நினைக்கிறீர்கள்? சாக்கடைக் கல்லின் மேல். இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, கை கோத்து, கோஷம் போட்டுக்கொண்டு, ஒரு விரல்கூடப் புல்லில் படாமல். நடுவில் பத்தடி அகலத்துக்குப் பச்சைப் பாதை, சாமி ஊர்வலத்துக்கு ஒதுக்கிவிட்டது போலக் காலியாக. வண்டி டிரைவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார், சண்டைக்குத்தான் தயாராக வந்திருப்பார் பாவம். பிறகு கியரைப் போட்டு ரொம்பச் சௌகரியமாகப் புல்லின்மேல் ஏறி வந்தார். நாங்கள் சக்கரத்தில் புல் கிழிவதைப் பார்த்து ஐயோ ஐயோ என்றோம். வீட்டுக்காக இல்லை. புல்லுக்காக.

முதல் வீடு சிவபாக்கியம் அக்காவுடையது, பூட்டிக் கிடந்தது. அதற்கடுத்தது என்னுடையது. எனக்கு ஏ.டி. சார் மேல் கோபம் வரவில்லை, அவர்மேல் வரவேண்டிய கோபமெல்லாம் வந்து தீர்ந்திருந்தது. வண்டிமேல் வரவில்லை. கை கோத்து நிற்கிற இந்த வரிசையின் மேல் வந்தது, அதில் ஒழுங்காக நிற்கிற என் கால்மேல் வந்தது, அப்படி ஒரு கோபம் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை. கையை உதறிக்கொண்டு இறங்கினேன். செருப்போடு நடந்தேன். அக்காவின் பூட்டின கதவுக்கு முன்னால் போய், வண்டிக்கு எதிரே, பின்பக்கத்தை இறக்கிக் காலை நீட்டி உட்கார்ந்தேன். ஈரம் பாவாடை வரை ஏறியது. அது என்ன சுகம் என்று என்னால் சொல்ல முடியாது, ஐம்பது வயசுக்கு என் இடுப்பு அப்போதுதான் பூமியில் இறங்கியது.

"சௌந்தரி, புல்லு மேல உக்காராத, கேஸாயிரும்," என்று ராமையா அண்ணன் கத்தினார். வீட்டை இடிக்க வண்டி வந்து நிற்கிறது, அந்த மனிதர் இதைச் சொல்கிறார்.

டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "அம்மா, எந்திரிங்க."

"முட்டி மடங்கலப்பா," என்றேன். பொய்யில்லை.

அப்போது புஷ்பவேணி வந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை, வேலைக்குக் கட்டிவைத்திருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். கத்தரிக்காய்க் குழம்பும் சோறும். பிறகு அவள் மாமியார் வந்தாள். பிறகு கை முறிந்து கட்டுப் போட்டிருந்த இரண்டு பேரும் வந்தார்கள், அவர்கள் உட்காருவதற்கு நாங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு வரிசை என்று ஒன்று இல்லை. ஆளுக்கொரு தூக்குவாளியோடு, பிள்ளைகளோடு, கடைசியில் ராமையா அண்ணனும் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, வேட்டி அழுக்காகுமே என்று ஒரு நிமிஷம் யோசித்து, உட்கார்ந்தார்.

ஏ.டி. சார் எங்களுக்கு மேலே நின்றார். "என்ன இது?"

"சாப்பாட்டு நேரம் சார்," என்றேன்.

"மணி பத்துதான் ஆவுது."

"பசிக்குது சார்."

போலீஸ்காரர்களும் அவரும் ஒதுங்கி நின்று பேசினார்கள், யாருக்கோ ஃபோன் போட்டார்கள். டிரைவர் என்ஜினை அணைக்கவில்லை, அது உறுமிக்கொண்டே எங்கள்மேல் புகையை ஊதியது. அன்றைக்கு அவர்கள் இடிப்பார்களா, மறுநாள் வருவார்களா, எங்களுக்குத் தெரியாது. புஷ்பவேணி ஒரு கவளத்தை வாயில் வைக்கப் போனவள் நிறுத்தி, "பாக்கியம் அக்காவுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லலாமா?" என்றாள்.

"என்னன்னு சொல்லுவ? அவ கேட்டது இந்த அரைமணி நேரம்தான். அவ இருந்தப்ப நம்மள்ல ஒருத்திக்கும் உக்காரத் தெரியல," என்றேன்.

புஷ்பவேணி கவளத்தை வாளியிலேயே போட்டுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து மறுபடி எடுக்க வைத்தேன். சாப்பிடாமல் எழுந்தால் அக்காவுக்கு நாங்கள் செய்தது இரண்டு மடங்காகிவிடும். சோறு ஆறிப்போயிருந்தது. வண்டிப் புகை குழம்பில் படிந்தது. நாங்கள் எல்லோரும், அவசரமே இல்லாமல், மென்று மென்று சாப்பிட்டோம்.